பால் பொங்கிய பசுமை வீடு

யூன் 3
எங்கள் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நிறுவனம் சுற்றாடலுக்குக் கெடுதல் இல்லாத மாதிரி வீடு கட்டி முடித்துவிட்டது. மண்கல் சுவர், மூங்கில் கதவு, கூரையிலிருந்து தாங்கிக்கு மழைநீர். கூரைத் தண்ணீரைப் பிடிப்பது பெரிய கண்டுபிடிப்பாம். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் நாங்கள் அதை ஒழுக்கு என்போம். வாளி வைத்துப் பிடிப்போம்.

குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான் அந்த நிறுவனத்தில், தமிழ் தெரியாதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர். நானாக எதுவும் பேசத் தேவையில்லை. அதனால்தான் பிடித்திருக்கிறது.

யூன் 6
குலுக்கலில் வீடு எங்களுக்கு! "நாகலெட்சுமி, ஒன் மக உள்ள இருக்காள்ல, கெடைக்காமலா போகும்?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள் பக்கத்து வீட்டு வீரம்மாக்கா. சீட்டை எடுத்ததே அவள்தான்.

ஒரு நிபந்தனை: வீட்டுக்குள் விறகு மூட்டினால் வீடு அடுத்த குடும்பத்துக்கு. சூரிய சக்தியில் மின்னடுப்பு இருக்கிறதே. லிந்துலையில். யூனில். சூரியன்.

யூன் 9
அன்பளிப்பாக மூங்கில் பற்தூரிகை, தேங்காய்த் தும்புத் தேய்ப்பான். அம்மா பெட்டியை மட்டும் எடுத்து மஞ்சள் குங்குமம் போட்டு வைத்தாள்.

யூன் 15
மழை. லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவை ஒப்படைத்துவிட்டோம். நாளை பால் காய்ச்சிக் குடிபுகுதல்.

யூன் 16
கொழும்பு விருந்தினர் ஒலிவாங்கியை வீட்டு மின்கலத்திலேயே பொருத்தி, பசுமை பற்றி நெடுநேரம் பேசினார்கள். பிறகு அம்மா பாலை வைத்தாள். வெதுவெதுப்போடு அடுப்பு அணைந்தது. மின்கலத்தைப் பேச்சு குடித்துவிட்டது.

"வெயில் வந்தோன காய்ச்சுங்களேன்" என்றார் நிறுவனத்தில் தமிழ் பேசும் பொறியியலாளர் ஜூலியன்.

"பால் பொங்காம நா உள்ள படுக்க மாட்டேன் சேர்."

மாட்டாள். எனக்குத் தெரியும். மிஞ்சிய மண்கல் மூன்றை நடுவீட்டில் வைத்து, மிஞ்சிய மூங்கிலைக் கொளுத்தினாள். மூங்கில் பட்பட்டென்று வெடித்தது. இதுவும் சடங்கு என்று நினைத்து விருந்தினர் கைதட்டினார்கள். பால் பொங்கியது. சுவர் கறுத்தது.

ஜூலியன் சேர் என் பக்கம் குனிந்தார். "யாரக் கேட்டு மூட்டுனாங்க? வீடு போயிரும், தெரியும்தானே?"

"நாந்தான் மூட்டச் சொன்னேன் சேர். அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

ஐயோ, எப்படிச் சொன்னேன்? இத்தனை மாதத்தில் அங்கே நானாகச் சொன்ன முதல் பேச்சு. அதுவும் பொய்.

யூன் 19
விருந்தினருக்குச் சடங்கு பிடித்துப்போனதாம். வீடு எங்களுக்கே. "அனுமதி கொடுத்த" ஊழியருக்கு மட்டும் வேலை இல்லை. புகை எங்கேயாவது போகத்தானே வேண்டும்.

யூலை 2
அம்மா பின்கதவுக்கு வெளியே தகரம் இறக்கி அடுப்பு போட்டுவிட்டாள். ஈரச் சேலையும் அங்கேதான் காய்கிறது. ஜூலியன் சேர் வந்து அளந்தார். அடுத்த வீடுகளுக்கெல்லாம் "புறச் சமையற் கூடம்" வருகிறதாம், புதிய சிந்தனையாம்.

"தகரத்த இன்னும் ரெண்டடி நீட்டிப் போடுங்க சேர். சாரல் அடுப்புக்குள்ள அடிக்குது" என்றேன்.

யாருடைய பேச்சையும் நான் மொழிபெயர்க்கவில்லை. அவர் மறுபடி அளந்தார்.