நாற்பது ‘ஆமாம்’, ஒரு ‘இல்லை’

யாழினி தன் கேம் கன்சோலை நேற்று என் காரிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாள். நியூ ஜெர்சியிலிருந்து அவள் பெரியப்பா பிறந்தநாளுக்கு அனுப்பியது. காபி வைக்கும் கப் ஹோல்டரில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. வீட்டுக்கு வந்து காரை நிறுத்திய பிறகும் இறங்காமல் அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் அடங்கிவிட்டது. விரல்கள் தாமாகப் போய்ப் பட்டன்மேல் உட்கார்ந்தன. நீ கேட்டது இதே சைஸ்தான்.

உன் பெண் யாழினிக்குப் பதின்மூன்று வயது முடிந்துவிட்டது. நீ இறந்து ஒன்பது மாதம். இங்கே எல்லோரும் ‘தவறிட்டாங்க’, ‘நம்மை விட்டுப் போயிட்டாங்க’ என்று பஞ்சில் சுற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. நீ இருந்தால் உனக்கும் வந்திருக்கும். செவ்வாயும் வியாழனும் யாழினியைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது நான்தான். நான் தமிழில் கேட்கிறேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள், இருவருக்கும் நன்றாகவே புரிகிறது. சிக்னலில் நிற்கும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பினால் உன் முகவாய் தெரியும். நான் சாலையைப் பார்த்துக்கொள்வேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஏழு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

அந்த ஆபீஸை நினைத்துப் பார். நீ டிசைன், நான் டெஸ்டிங். கையில் பிடித்து ஆடும் கேம் கன்சோல் ஒன்றை நம் கம்பெனி விற்றுக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் போனது. உனக்கு மட்டும் அதன்மேல் தீராத கோபம். உன் கை சின்னக் கை. ஊருக்குப் போனால் வளையல் கடையில் குழந்தைகள் அளவு கேட்டு வாங்குகிறவள் நீ. அந்த கன்சோலை இரண்டு கையால் பிடித்தாலும் நடுவில் இருக்கும் பட்டன் உனக்கு எட்டாது. “இதை டிசைன் பண்ணவன் தன் கையை அளந்தான், பக்கத்து சீட்டுக்காரன் கையை அளந்தான், அதோட முடிச்சுட்டான். உலகத்துல வேற கையே இல்லையாடி?” என்று லஞ்ச் டேபிளில் சத்தம் போடுவாய். பக்கத்து டேபிளில் திரும்பிப் பார்ப்பார்கள். நான் உன் டப்பாவிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்துத் தின்றுகொண்டிருப்பேன்.

ஒருநாள் மேனேஜரிடம் போய்ச் சொல்லியே விட்டாய். அவரும் நல்ல மனிதர். சின்னதாக ஒன்று செய்தால் விற்குமா என்று நாலு பேர் கையில் கொடுத்துக் கேட்டுவிட்டு வா, விற்கும் என்று உனக்கே நம்பிக்கை வந்தால் சொல், கலிஃபோர்னியா ஆபீஸில் ஒரு டீம் போட்டு உன்னையே லீடாக வைக்கிறேன் என்றார். அன்று சாயங்காலம் பார்க்கிங் லாட்டில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாய். முப்பத்தாறு வயசுக்காரி, ஒரு காலில் ஷூ கழன்றுபோனதுகூடத் தெரியாமல் குதித்தாய்.

மாடல் செய்ய உனக்குப் பொறுமை போதவில்லை. பேக்கிங்கில் வந்த தெர்மாகோலைக் காய் நறுக்கும் கத்தியால் வெட்டினாய். எடை வேண்டும் என்று உள்ளே இரும்பு வாஷர்களைத் திணித்து, கேக் செய்யும் தராசில் நிறுத்து, கறுப்பு டேப்பைச் சுற்றினாய். ஸ்க்ரீன் இருக்கவேண்டிய இடத்தில் யாழினியின் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினாய். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் பிடித்தால் கை அதை விடாது. அது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் முதல் இரண்டு நாள் அது என் கைப்பையில்தான் இருந்தது. மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் என் கை பைக்குள் போய் அதைத் தேடியது.

நாலு பேரிடம் கேள் என்று சொன்னால் வேறு யாராவது மாலில் போய் நின்றிருப்பார்கள். நீ பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவர்களிடம் கேட்டாய். அந்தச் சனிக்கிழமை, இங்கே டெக்ஸாஸில், ரவுண்ட் ராக்கில் உன் வீட்டு ஹாலில் நாற்பது பேர். சர்க்கரைப் பொங்கலுக்கும் வடைக்கும் நடுவே அந்தத் தெர்மாகோல் கட்டி கை மாறிக் கை மாறிப் போனது. ஆளுக்கொரு ஃபார்ம். இது வந்தால் வாங்குவீர்களா, ஆமாம் அல்லது இல்லை. ஏன் என்று எழுத மூன்று வரி. அவ்வளவுதான். வந்தவர்கள் அத்தனை பேரும் ‘சூப்பர்’ என்றார்கள். வாழ்நாளில் கேம் ஆடியிராத அங்கிள் ஒருவர் தனக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று என்றார். “இதுல சுப்ரபாதம் கேக்குமாம்மா?” என்று ஓர் ஆன்ட்டி கேட்டார், கேட்காது என்று நீ சொன்ன பிறகும் ‘ஆமாம்’ போட்டார். வீட்டுக்குக் கூப்பிட்டு இலை போட்டு உட்காரவைத்தவளிடம் நம் ஆட்கள் யார் ‘இல்லை’ என்று சொல்வார்கள்? உனக்கும் அது தெரியாமல் இல்லை. எல்லோரும் போன பிறகு ஃபார்ம்களை அடுக்கிக்கொண்டே சிரித்தாய்.

“இதெல்லாம் வடைக்கு விழுந்த ஓட்டுடி. நீ மட்டும் இன்னும் தரலை. நீ வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிச்சு எழுது. நீ சொல்றதை வெச்சுத்தான் நான் முடிவு பண்ணப் போறேன்.”

அப்போது நான் சிங்க்கில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உன் வீட்டுக்காரர் துடைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்: “இது க்ளிக் ஆச்சுன்னா சம்மர்லயே கலிஃபோர்னியா மூவ் பண்ணிடுவோம் சுதா. யாழினிக்கு ஃபர்ஸ்ட் க்ரேட் அங்கேயே ஸ்டார்ட் பண்ணிடலாம்.”

என் கையில் பொங்கல் பானை இருந்தது. அதைத் தேய்த்த இடத்திலேயே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு விவாகரத்தாகி அப்போது ஒன்றரை வருடம். கோர்ட்டுக்கு என்னோடு வந்து உட்கார்ந்தது நீ. அதற்குப் பிறகு உன் வீட்டு கெஸ்ட் ரூமில் ஆறு மாதம் இருந்தேன். தனியாக அபார்ட்மென்ட் எடுத்துப் போன பிறகும் சனிக்கிழமை என்றால் உன் வீடுதான். ஊரில் அம்மாவிடம் பேசினால் ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணியிருக்கலாம்’ என்று ஆரம்பிப்பாள். மற்ற சிநேகிதிகள் மெல்ல மெல்லக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஜோடி ஜோடியாக வரும் இடத்தில் நான் ஒருத்தி அவர்களுக்கு இடைஞ்சல். இந்த நாட்டில் எமர்ஜென்சி காண்டாக்ட் என்று எந்தக் காகிதத்தில் கேட்டாலும் நான் எழுதியது உன் பெயர்.

வீட்டுக்கு வந்து, உடை மாற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். ‘இல்லை.’ அதற்குக் கீழே மூன்று காரணம். எழுத்து சின்னதாகிவிடும், கண் வலிக்கும். பேட்டரி சின்னது, நிற்காது. எல்லோரிடமும் போன் இருக்கும்போது இன்னொரு சின்ன சாமானை யார் தூக்கிக்கொண்டு அலைவார்கள்? டெஸ்டிங்கில் பத்து வருடம் இருந்தவளுக்குக் குறை எழுதவா தெரியாது? மூன்றும் படிக்க நியாயமாகவே இருந்தன. மூன்றையும் நான் நம்பவில்லை. அது விற்கும் என்று எனக்கு உள்ளுக்குள் உறுதியாகத் தெரியும். நீ போய்விடக் கூடாது, அவ்வளவுதான். அதை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

திங்கட்கிழமை நீ அதை என் எதிரிலேயே படித்தாய். இரண்டு தடவை படித்தாய். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “நீ ஒருத்திதான்டி நிஜமா யோசிச்சு எழுதினே” என்றாய். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. நான் ஏதோ மெயில் பார்ப்பதுபோல லேப்டாப்பைப் பார்த்தேன். வியாழக்கிழமை மேனேஜரிடம் போய், எனக்கே நம்பிக்கை வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாய். நிச்சயமாகவா என்று அவர் இரண்டு தடவை கேட்டாராம்.

அதற்குப் பிறகு உன்னை லேப்டாப் பக்கம் மாற்றினார்கள். மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்க்கும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, எத்தனையாவது தடவையில் கீல் தளர்கிறது என்று பார்க்கும் வேலை. நீ குறைப்பட்டுக்கொள்ளவில்லை. ஆனால் லஞ்ச் டேபிளில் சத்தம் போடுவதை விட்டுவிட்டாய். எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும், சனிக்கிழமை சனிக்கிழமை உன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து வேறொரு கம்பெனி சின்ன கன்சோலைக் கொண்டுவந்தது. கடைக்கு வந்த வேகத்தில் தீர்ந்துபோனது. எங்கேயோ தேடிப்பிடித்து ஒன்றை வாங்கி, என் அபார்ட்மென்ட்டுக்கே எடுத்துக்கொண்டு வந்தாய். இன்றைக்குக் கேட்டுவிடுவாள், கேட்டால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நீ சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆடிவிட்டு அதை என் பக்கம் நீட்டினாய்.

“பாரு, எழுத்து சின்னதாத்தான் இருக்கு. கண் வலிக்குது. நீ அன்னிக்கு சொன்னது கரெக்ட்டுதான்டி.”

என் கணிப்பு தப்பிப்போனதற்கு நான் வருந்தக் கூடாது என்று என்னைக் காப்பாற்றப் பார்த்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? “ஆமா, கொஞ்சம் சின்னதுதான்” என்றேன்.

உனக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகு ஒருமுறை ஆரம்பித்தேன். கீமோ ஏற்றும் அறையில் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றேன். நீ கண்ணை மூடியபடி, “சீரியஸ் மேட்டர்னா வேண்டாம். இன்னிக்கு எனக்கு ஊர் வம்புதான் வேணும்” என்றாய். உடனே ஊர் வம்புக்குத் தாவினேன். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. அதையும் உன்மேல் போட்டுவிட்டுத் தப்பிக்க நான் விரும்பவில்லை. அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். அதற்கடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். எத்தனை வாரம் இருந்தது!

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர் என் வீட்டுக்கு வந்தார். தனியாக. காபி கொடுத்தேன். நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் இருக்கும் அவர் அண்ணன் அங்கேயே வந்துவிடச் சொல்கிறாராம். ரயிலுக்குப் பக்கத்தில் வீடு பார்த்துவைத்திருக்கிறாராம். ஆபீஸில் அங்கே வீட்டிலிருந்தே வேலை செய்துகொள்ளலாம் என்றுவிட்டார்கள்.

“எனக்கு டிசைட் பண்ணவே முடியலை சுதா. அவ எப்பவும் ஒண்ணு சொல்லுவா. டவுட் வந்தா சுதாகிட்ட கேளுங்க, எல்லாரும் நமக்குப் பிடிச்சதைச் சொல்லுவாங்க, அவ ஒருத்திதான் உள்ளதைச் சொல்லுவான்னு. சொல்லுங்க, நாங்க போகலாமா?”

உடனே எனக்குக் காரணங்கள் வந்துவிட்டன. எட்டாம் வகுப்பில் பள்ளி மாற்றினால் யாழினிக்குக் கஷ்டம். அம்மா இல்லாத பெண்ணை அம்மா இருந்த வீட்டிலிருந்தும் பிரிக்கக் கூடாது. அந்தப் பனி உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. இந்த முறையும் எல்லாம் நியாயமாகவே இருந்தன. நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபார்மைப் பற்றி, பொங்கல் பானையைக் கழுவியபோது அவர் சொன்னதைப் பற்றி, என் மூன்று காரணத்தைப் பற்றி. முடித்த பிறகு அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“உங்க ஃபார்மைப் படிச்ச அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழுதா சுதா” என்றார். “காரை விட்டு இறங்கவே இல்லை. நான்தான் கராஜ்ல போய் சமாதானம் பண்ணேன். சுதா சொன்னா சரியாத்தான் இருக்கும், விடுன்னு நான்தான் சொன்னேன்.”

நீ அழுதது எனக்குத் தெரியாது. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எழுந்து போய்க் கோப்பையை அலம்பி வைத்தார். திரும்பாமலே கேட்டார்: “சரி, இப்ப சொல்லுங்க. நாங்க போகலாமா?”

“போங்க” என்றேன். “அங்க அவளுக்குப் பெரியப்பா இருக்கார், கசின்ஸ் இருக்காங்க. உங்களுக்கும் பேச ஆள் வேணும். நீங்க போனா எனக்குத்தான் ரொம்பக் கஷ்டம். அதுக்காக நீங்க இங்க இருக்கக் கூடாது.”

அவர் தலையாட்டினார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னைப் பார்க்கவில்லை. மன்னித்தாரா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பள்ளி முடிந்ததும் ஜூனில் கிளம்புகிறார்கள். நேற்று காரில் யாழினியே பேச்செடுத்தாள். “ஆன்ட்டி, வில் யூ பீ ஓகே?” என்றாள். இந்த மாதிரிக் கேள்விக்கு இந்த நாட்டில் எல்லோரும் சொல்லும் பதில் எனக்கும் தெரியும். “இல்லடா கண்ணு, அழுதுட்டுத்தான் இருப்பேன்” என்றேன். அவள் என் முழங்கைமேல் கையை வைத்தாள். சின்னக் கை. வீடு வரும்வரை எடுக்கவில்லை. “மே பீ யூ கேன் கம் டூ” என்று இறங்கும்போது சொன்னாள், ஏதோ சாதாரண விஷயம்போல.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஏழு வருடத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. போகாதேடி என்று அன்றைக்கு ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டிருந்தால், நீயும் இதைத்தான் சொல்லியிருப்பாய். ‘அழாதே, நீயும் கிளம்பி வா’ என்றிருப்பாய்.