சங்கத்தின் சொந்தக் கணினி

வியாழன் இரவு, ஏலப்பாறை.

எழுத வேண்டியவை:
1. நம் செய்தி நம் கையில் இருக்க வேண்டும்.
2. கரண்டு போனதற்கு நான் பொறுப்பல்ல.
3. செல்வராணி கேட்டது.

வல்லரசு பகைத்துக்கொண்டால் ஒரு நாட்டுக்கே இணையச் சேவையை நிறுத்திவிடுகிறது, நாம் எம்மாத்திரம் என்று தேயிலைத் தோட்டத் தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் வாதாடியது செயலாளரான நான்தான். ஒட்டுக்கேட்பார்கள் என்றும் சொல்லி அமெரிக்கக் கம்பெனியின் செய்திச் செயலியை விட்டோம். தொழிலாளர்களுக்குச் செய்தியெல்லாம் சங்க அலுவலகத்தின் சொந்தக் கணினி வழியாகவே போனது.

ஓய்வுபெற்ற தொழிலாளி செல்வராணியின் வீட்டை, லயம் எனும் தோட்டக் குடியிருப்பு வரிசையில் இருப்பதை, எஸ்டேட்காரர்கள் பூட்ட வருவதாக இன்று காலை தெரிந்தது. எல்லோரும் அவர் வாசலில் கூட வேண்டும் என்று எழுதினேன். அனுப்புவதற்குள் மழையில் கரண்டு போய்விட்டது. வந்துவிடும் என்று கணினியருகிலேயே உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் தெரியவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டார்கள்.

மாலையில் செல்வராணி பாத்திர மூட்டையோடு சங்கத்துக்கு வந்தார்.

"அமெரிக்காக்காரன் ஒட்டுக்கேட்டா கேட்டுட்டுப் போறான் சார். ஆளுக வந்திருப்பாகல்ல?"

"கரண்டு இல்லம்மா."

"ஒங்ககிட்ட போன் இருந்துச்சு. காலு இருந்துச்சு."

இன்றிரவு அவருக்குச் சங்கத்து பெஞ்சுதான் படுக்கை.

பட்டியலின் முதல் வரியை இன்னும் நம்புகிறேன். ஆனால் சங்கத்திலிருந்து லயங்கள் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. ஆட்களைக் கூப்பிட்டால் எஸ்டேட் மானேஜர் எதிரே நானும் நிற்க வேண்டியிருக்கும். கரண்டு போனபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

இரண்டாவது வரி தவறு.