போகும்போது அவள் சொன்னது

கடல்களுக்கு அப்பால் கொலு வீற்றிருக்கும் என் மருமகள் சுண்டெலிக்கு,

அண்ட சராசரமும் அஞ்சி நடுங்கும் உன் தாய்மாமன், ஒரு பழைய கம்ப்யூட்டரிடம் தோற்று மண்டியிட்டு எழுதுவது. ஃபோனில் என் நம்பரைப் பார்த்ததுமே துண்டித்துவிடுகிறாய். கடிதத்தைத் துண்டிக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். அதற்கு முன்னால் ஒருமுறை படித்துவிடு. உன் முகவரியை உன் பள்ளித் தோழியிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வாங்கினேன். அவளைத் திட்டாதே.

நான் நலம். என் தொப்பை என்னைவிட நலம். உன் அம்மாதான் நலமில்லை.

போன மாதம் சமையலறையில் விழுந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். உயிருக்கு ஆபத்தில்லை, பதறாதே. வலது கை இன்னும் விழிக்கவில்லை, கால் கொஞ்சம் இழுக்கிறது. ஆனால் பேச்சு போய்விட்டது. தெருவில் போகிற காற்றையே நிறுத்தி விசாரணை நடத்திய வாய் அது. அதில் இப்போது ஒரே ஒரு சொல்தான் மிச்சம்: ‘சரி.’ எழுதவும் வரவில்லை. எழுத்துகளைக் காட்டினால் முன்பின் தெரியாத ஆட்களைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறாள்.

நான் பிறந்த நாள் முதல் என்னிடம் ஒரு ‘சரி’ சொல்லாதவள் என் அக்கா. இப்போது பால்காரர், “ரெண்டு லிட்டராக்கா?” என்கிறார். “சரி.” “நாலா ஊத்தட்டுமா?” “சரி.” வீட்டுக்குள் பாற்கடலே புகுந்துவிட்டது. நானும் சந்தடி சாக்கில், “நம்ம குடும்பத்துலயே அழகன் நான்தானேக்கா?” என்று கேட்டு வைத்தேன். “சரி” என்றாள். சிரித்தேன். சிரித்துக்கொண்டே மாடிப்படி வரை போனவன், அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறார். “இவங்க குரல் எங்கயாவது பதிவாகி இருக்கா சார்? அவங்க குரலையே கேட்டு, கூடச் சேர்ந்து சொல்லிப் பழகினா நல்லது. இந்த ஆரம்ப மாசங்கள விட்டுட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம்” என்றார்.

பதிவா? வண்டி வண்டியாக இருக்கிறதே! எல்லாம் நீ விட்டுப்போன கம்ப்யூட்டரில்.

உன் வீட்டுக்குத் தொட்டில் வந்த செய்தி அந்தத் தோழி வழியாக இங்கே வந்ததல்லவா, அந்த வாரமே உன் அம்மா ஒரு மைக் வாங்கினாள். தினமும் காலையில் உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். “யார்கிட்டக்கா பேசறே?” என்றால், “உன் வேலையப் பாரு” என்பாள். கதவில் காதை வைத்துக் கேட்டேன் (என் காது பூமிக்கடியில் எறும்பு கொட்டாவி விடுவதையே கேட்கும்). கண்ணாடி போட்ட நரியின் கதை. நீ சோறு சாப்பிட அடம்பிடிக்கும்போதெல்லாம் சொல்வாளே, அதே கதை. யாருக்காகப் படித்துப் பதிந்து வைக்கிறாள் என்று சொல்லவில்லை. இந்த வீட்டில் கதை கேட்கிற வயதில் யாரும் இல்லை. எனக்கே முடி கொட்டி மண்டை விமான ஓடுதளமாகிவிட்டது.

கம்ப்யூட்டரைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. தம்பி மேல் பாசம் பொங்கி என் பெயரைத்தான் வைத்திருப்பாள் என்று கம்பீரமாக அடித்தேன். பொங்கவில்லை. உன் பெயர், உன் அப்பா பெயர், செத்துப்போன பூனையின் பெயர் எல்லாம் அடித்தேன். அப்போதுதான் திரையில் ஒரு வரி வந்தது. மறந்துபோனால் ஞாபகம் வருவதற்காக அவளே கொடுத்த குறிப்பு: ‘போகும்போது அவள் சொன்னது.’

கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கிட்டத்தட்டத் தோளில் சுமந்து வந்தேன். “நான்தான் சார் அக்காவுக்குப் பூட்டுப் போட்டுக் குடுத்தேன். பாஸ்வேர்டு அடிக்கிறப்போ என்னைத் திரும்பி நிக்கச் சொல்லிட்டாங்க. உள்ள இருக்கிறது வேணாம்னா இப்பவே அழிச்சுட்டுப் புதுசு பண்ணிடலாம். உள்ள இருக்கிறதுதான் வேணும்னா அந்த வார்த்தை இல்லாம ஒண்ணும் நடக்காது” என்றார். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டாலும் குப்பைதான் தெரியுமாம்.

அக்காவையே கைத்தாங்கலாகக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். இடது கை விரல் பட்டன்களுக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தது, கூடு மறந்த பறவை மாதிரி. “ஞாபகம் இருக்காக்கா?” “சரி.” “அடி, பாப்போம்.” “சரி.” விரல் இறங்கவே இல்லை. பிறகு மேசையைக் குத்திக் குத்தி, சரி, சரி, சரி என்று கத்தினாள். அழுகிற குரலில் அந்தச் சொல்லை நீ கேட்டிருக்க மாட்டாய். கேட்கவும் வேண்டாம்.

வீட்டைவிட்டுப் போன அன்றைக்கு நீ அவளிடம், “அவரை ஒரு தடவை வீட்டுக்குக் கூட்டிட்டு வரட்டுமாம்மா?” என்று கேட்டதும், அவள் முடியாது என்றதும் என் காதில் விழுந்தன. அதற்குள் என்னை உன் பெட்டியோடு கீழே துரத்திவிட்டீர்கள். மலை ஒன்றை மடித்து வைத்த பெட்டி. அதை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மேலே கதவு அறைபடும் சத்தம்தான் கேட்டது. எறும்பின் கொட்டாவி கேட்கும் காது, வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிட்டது.

“போறேன்” அடித்தேன். “இனி வரமாட்டேன்” அடித்தேன். எழுதக் கூசுகிற வார்த்தைகளையும் அடித்தேன். எதற்கும் திறக்கவில்லை. அது உங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த வார்த்தை. அவளால் சொல்ல முடியாது. நீ சொன்னால்தான் உண்டு.

நல்ல வார்த்தையாக இருக்காது என்று தெரியும். எதுவாக இருந்தாலும், ஒவ்வொரு நாளும் காலையில் அதைத் தன் கையால் அடித்துவிட்டுத்தான் அவள் உன் குழந்தைக்குக் கதை படித்திருக்கிறாள். அதனால் வெட்கப்படாமல் எழுது. ஒரு துண்டுச் சீட்டு போதும், கையெழுத்துகூட வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிட்டுச் சீட்டை விழுங்கிவிடுவேன்.

எழுதக் கை வரவில்லை என்றால் நீயே வந்து அடி. நான் சுவரைப் பார்த்து நின்றுகொள்கிறேன்.

அப்படி வந்தால், அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியை அவளிடம் மறுபடி கேள். அவளிடம் இருப்பது ஒரே ஒரு சொல். அதற்கு அர்த்தம் கிடையாது, வாய் தானாகச் சொல்கிறது என்கிறார் டாக்டர். அவருக்கு என் அக்காவைத் தெரியாது.

தொட்டிலில் இருக்கும் பெரிய மனிதருக்கும், அவருடைய அப்பாவுக்கும் என் ஆசீர்வாதம். மூன்று பேரும் நன்றாக இருங்கள். சீக்கிரம், சுண்டெலி.

கதவைத் தாழிடாமல் காத்திருக்கும்
உன் மாமா