துப்பாக்கியில்லாத ஸ்கோப்

மச்சான்,

அலமாரியில் துணிக்கடியில் வைத்திருந்த உன் துப்பாக்கி ஸ்கோப்பை இன்று சாயங்காலம் எடுத்தேன். கண் வைக்கிற பக்கத்து ரப்பரில் உன் பீடி நாற்றம் இன்னும் போகவில்லை. அதுவும் போய்விடப் போகிறதே என்று அவசரமாய் மூடினேன். பிறகு மறுபடி திறந்து மோந்து பார்த்தேன். பைத்தியக்காரத்தனம்தான், சிரிக்காதே.

நீ போன பிறகு துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டோம். லைசென்ஸ் உன் பேரில் இருந்தது. ஆளே இல்லாதபோது அது எதற்கு? ஸ்கோப்பை மட்டும் கழற்றி என் தங்கச்சி என் கையில் கொடுத்தாள். "நீயே வெச்சுக்கோண்ணா. பாக்கசொல்ல தாங்கல எனக்கு" என்றாள். எனக்கு மட்டும் தாங்குமா என்ன? ஆனாலும் உன் பொண்டாட்டியிடம் அதை எப்படிச் சொல்வது என்று வாங்கி வந்துவிட்டேன்.

இதை வாங்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? காட்டுப்பன்னி இறங்கி நம் வேர்க்கடலையைக் கெல்லித் தீர்த்த வருஷம். ஃபாரெஸ்ட் ஆபீசில் அனுமதி கிடைத்ததும் இருவரும் சித்தூருக்கு பஸ் ஏறினோம். துப்பாக்கிக் கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே முழங்கை நீளத்துக்கு ஒன்றைத் தூக்கி வைத்தார். "இதி தீஸ்கோண்டி, இத எடுத்துக்கோங்க. கிலோமீட்டர் தூரத்துல ஈ பறந்தாலும் தெரியும்." நான் வாயைப் பிளந்தேன். நீ மசியவில்லை.

"நம்ம கயனில கிலோமீட்டர் எங்க கீது? அந்தாண்ட மாந்தோப்பு, இந்தாண்ட ஏரிக்கரை. நடுவுல கூப்புடு தூரம்."

கடை வாசலில் நின்று எதிர்ப்பக்கத்து டீக்கடையைப் பார்க்கச் சொன்னாய். பெரியதில் டீக்காரரின் மீசை மட்டும் தெரிந்தது, அதுவும் என் மூச்சுக்கே ஆடியது. சின்னதில் டீக்காரர், பாய்லர், பக்கத்தில் பன் கேட்டு அழுத குழந்தை எல்லாம் தெரிந்தது. "பெருசா தெரியறது பெருசில்ல. பக்கத்துல யார் கீறாங்கன்னு தெரியணும்" என்றாய். துப்பாக்கி வெடிக்கும்போது உன் பழைய ஸ்கோப் பின்னால் உதைத்து, புருவத்தில் தழும்பு போட்டிருந்தது. அதனால் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு விரல் போகிறதா என்றும் வைத்துப் பார்த்தாய்.

அதோடு விட்டாயா? பொழுது சாயும்வரை கடையிலேயே உட்கார்ந்துவிட்டாய். கடைக்காரர் முணுமுணுத்தார், எனக்கே வெட்கமாக இருந்தது. "மத்தியானத்துல எல்லாமே நல்ல ஸ்கோப்புதான்டா. பன்னி இன்னா மத்தியானமா வருது?" இருட்டுகிற நேரத்தில் எதிர்க்கடை போர்டு எழுத்தை இதில் படித்த பிறகுதான் பையில் கைவிட்டாய். ஊருக்குத் திரும்பக் கடைசி பஸ்ஸையும் விட்டோம், அதை நான் மறக்கவில்லை.

கடலைக்காட்டுக் காவல் பரணில் நமக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ஸ்கோப்பில் பார்ப்பது நீ, வெறுங்கண்ணால் சுற்றிலும் பார்ப்பது நான். நான் "ஆங்" சொல்லாமல் உன் விரல் அசையாது. "இரு" என்றால் இருதான், ஏன் எதற்கு என்று கேட்கமாட்டாய்.

அன்றைக்குப் பெரிய பன்னி ஒன்று கடலைக்குள் நின்றிருந்தது. நான் மாந்தோப்புப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வரப்போரத்தில் ஏதோ அசைவு. "இரு" என்பதற்குள் நீயே துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டாய். பன்னிக்கு நேர் பின்னால் பக்கத்துக் கயனி கோவிந்தம்மா குனிந்து ஆட்டுக்கயிறை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பெரிய ஸ்கோப்பாக இருந்திருந்தால் பன்னியின் விலா மட்டும்தான் தெரிந்திருக்கும். "பன்னி போனா போவுது" என்றாய்.

கோவிந்தம்மாவுக்கு இன்றுவரை அது தெரியாது. சொல்ல வேண்டாம் என்று நாம் பேசிக்கொள்ளக்கூட இல்லை. உன் சாவுக்கு வந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு ஓரமாய் நின்றிருந்தேன். அன்றைக்குப் போல் தனியாக நான் எப்போதும் நின்றதில்லை, மச்சான்.

இப்போது மறுபடியும் பன்னி. பாதிக் கடலை போய்விட்டது. "உனுக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீயே லைசென்சுக்கு எழுதிப் போடேன்" என்று ஊரே சொல்கிறது. எழுதிப் போடலாமா என்று பார்க்கத்தான் இன்று ஸ்கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பரணேறினேன்.

பொழுது சாய்ந்தது, பன்னிகள் வந்தன. கண்ணாடியில் எல்லாம் துலக்கமாய்த் தெரிந்தது. வரப்பு, வேலி, ஓரத்தில் ஆட்டைத் தேடி வந்த கோவிந்தம்மாவும் தெரிந்தாள். என்னையறியாமல் "இரு" என்று கத்திவிட்டேன். பன்னிகள் சிதறி ஓடின.

அவள் பரணுக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்தாள். "யார இருக்கச் சொல்றண்ணா? மேல யாருமே இல்லியே."

"ஒண்ணுமில்லம்மா, நீ போ" என்றேன்.

நான் எழுதிப் போடப் போவதில்லை, மச்சான். கடலை போனால் போகிறது. துப்பாக்கி கிடைக்கும், ஸ்கோப் இருக்கிறது. நான் "இரு" என்றால் இருப்பதற்கு நீ இல்லையே.