நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் ஒரு குரல்

பிப்ரவரி 10, திங்கள்

இன்று முப்பத்தெட்டு முகங்கள். தேர்வுக் காலம் சூடு பிடித்துவிட்டது.

காலையில் மகள் பள்ளிக்கூடப் படிவத்தை நீட்டி, ‘தாயின் வேலை’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள். கல்லூரியின் தொலைதூரக் கல்விப் பிரிவில் அடையாளச் சரிபார்ப்பு என்றேன். அப்படி என்றால்? வீட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதுகிறவர்களைக் கேமரா பதிவு செய்யும், விண்ணப்பத்தில் உள்ள முகமும் எழுதுகிற முகமும் ஒன்றுதானா என்று நான் பார்த்துச் சொல்வேன் என்றேன். ஒன்று என்றால் பச்சைப் பொத்தான், சந்தேகம் என்றால் மஞ்சள், வேறு ஆள் என்றால் சிவப்பு. “கண்ணாடி சும்மா செய்யற வேலையை நீ சம்பளம் வாங்கிட்டு செய்யறியா?” என்றாள். பதின்மூன்று வயது. வாய் மட்டும் முப்பது.

மீசையை எடுத்துவிட்டு வந்த ஒருவர் என் அரை மணி நேரத்தைத் தின்றார். கடைசியில் காது மடலை வைத்து அவர்தான் என்று முடிவு செய்தேன். பக்கத்து இருக்கைக்காரர் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் பெரிதாக்கிப் பார்த்திருப்பார். அதனால்தான் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் பின்னறையில், கணினி முன்னால். ஒரு நிறுவனத்துக்காக இணையவழி டியூஷன். அவர் கற்பித்த கல்லூரியில் கணிதத் துறையை மூடிப் பத்து மாதம் ஆகிறது. முன்பெல்லாம் பாடம் நடத்திவிட்டு வந்தால் தொண்டை கட்டியிருக்கும். இப்போது மெல்லப் பேசிப் பழகிவிட்டார்.

பிப்ரவரி 12, புதன்

நாற்பத்தொன்று. கண் எரிச்சல். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

எப்படி எழுதுவது இதை.

மதியம் மூன்று மணிக்கு மேல் ஒரு பதிவு. பெண், முப்பத்தாறு வயது, மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோகிற வேலை. புள்ளியியல் தாள், நான்காவது முயற்சி. போன வியாழக்கிழமை காலை எழுதியது. முகம் அச்சு அசல் அப்படியே, சந்தேகத்துக்கே இடமில்லை. கேள்விகளை வாய்க்குள் முணுமுணுத்துப் படிக்கிறாள் – அது தப்பில்லை, நிறைய பேர் செய்கிறார்கள். முடியை அவிழ்த்துக் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதைத்தான் கவனித்திருக்க வேண்டும்.

நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் பென்சில் கீழே விழுந்தது. குனிந்தாள். காதுக்குள் இருந்த குட்டி இயர்போன் கழன்று மேஜையில் விழுந்தது. அவள் அதை எடுத்துச் செருகுவதற்குள் ஆறு நொடி. சின்னதாக ஒரு குரல்.

“அவசரப்படாத. கேள்விய இன்னொரு தடவ படி. என்ன கேக்கறாங்கன்னு மட்டும் பாரு.”

பதினோரு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன். எதற்குப் பதினோரு தடவை? முதல் தடவையே தெரிந்துவிட்டது. பதினாறு வருஷமாகக் கூட இருக்கிறேன். மகளுக்குக் கணக்கு வராதபோதெல்லாம் இதே வார்த்தைகள்தான், ‘மட்டும்’ என்பதில் இதே அழுத்தம்தான்.

விரல் பச்சைக்குப் போனது. சிவப்புக்குப் போனது. மஞ்சளை அழுத்தினேன். குறிப்பு: ‘ஒலி தெளிவில்லை.’

தெளிவில்லையாம்.

வீட்டில் அவர் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இன்றைக்கு எத்தனை என்று கேட்டார். முப்பத்தாறு என்றேன். கம்மிதான் என்றார்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று வேலை பார்க்கவில்லை. வேட்டையாடினேன். அன்றைக்கு எழுதிய அத்தனை புள்ளியியல் பதிவுகளையும் ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்டேன். மின்விசிறி, குழந்தை அழுகை, எங்கோ சுவரில் துளை போடும் சத்தம். அந்தக் குரல் இல்லை. ஒரு பெருமூச்சு விட்டேன் – ஒன்றுதானே என்று. அடுத்த நிமிடமே என் மேல் எனக்கு எரிச்சல். ஒன்று என்றால் கணக்கில்லையா?

வேறு யாராவதாக இருந்தால் நேற்றே சிவப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன பருவத்தில் அண்ணனுக்காகத் தம்பி எழுதியதைப் பிடித்தது நான்தான். பாராட்டுக் கடிதம்கூடக் கொடுத்தார்கள்.

மஞ்சள் போட்டால் மூன்று வேலை நாளில் அது இரண்டாவது ஆளுக்குப் போகும். இரண்டாவது ஆள் பூதக்கண்ணாடி.

பிப்ரவரி 15, சனி

கேட்கவில்லை. வாய் வரைக்கும் வருகிறது. உப்பு போதுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியம் இல்லை, ஈரப் போர்வை நடுவில் இருந்தது நல்லதாகப் போயிற்று. மருத்துவமனையில் வேலை பார்க்கிற பெண் யார் என்றேன்.

அவர் ‘எந்தப் பெண்’ என்று கேட்கவில்லை. அதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

ஒரு வருஷமாக அவரிடம் படிக்கிறாளாம். பதிவேட்டுப் பிரிவுக்கு மாற வேண்டுமென்றால் பட்டம் வேண்டும், இந்த ஒரு தாள்தான் பாக்கி. வீட்டில் கேட்டால் எல்லாவற்றையும் சரியாகப் போடுகிறவள் தேர்வு என்றதும் கை கால் உதறி வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறாளாம். ‘நீங்க காதுல இருந்தா மட்டும் போதும் சார்’ என்று அழுதாளாம். பயத்தைப் போக்கத்தான் கூட இருந்தேன் என்றார். தேர்வுக்கென்று தனியாகப் பணம் எதுவும் வாங்கவில்லை என்றார்.

“விடை சொன்னீங்களா?”

போர்வைக்கு அந்தப் பக்கம் அவர் ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டார்.

“ரெண்டு கேள்விக்கு.”

அது என் கல்லூரி என்று தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். ஆயிரம் பேர் எழுதறாங்க, உன் கண்ணில் படாது என்று நினைத்தேன் என்றார்.

என் கண்ணில் படாது. அப்படியென்றால் என்னை எவ்வளவு நாளாக அவர் பார்க்கவே இல்லை? கத்தத் தோன்றியது. கத்தவில்லை. துணிக்கிளிப்பை எல்லாம் டப்பாவில் போட்டு மூடினேன், திறந்தேன், மறுபடியும் மூடினேன். நீங்க வாத்தியாருங்க – அதை மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பூதக்கண்ணாடி சிவப்பு போட்டுவிட்டார். காதில் செருகியதைப் பெரிதாக்கி ஆறு படமாக எடுத்து ஒட்டி, மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். உங்களுக்கு எப்படிங்க இது தப்பிச்சுது என்று என்னிடம் கேட்டார். குறை சொல்கிற தொனியே இல்லை, நிஜமாகவே ஆச்சரியம். கண் எரிச்சல் என்றேன்.

பிப்ரவரி 24, திங்கள்

விசாரணை அடுத்த புதன்கிழமை. காணொளியில். பிரிவுத் தலைவியோடு ஒரு சரிபார்ப்பாளரும் உட்கார வேண்டும், அது முறை வைத்து வருகிற வேலை. இந்த முறை என்னுடையது.

உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுக்கலாம். எடுத்தால் பூதக்கண்ணாடி உட்காருவார். அவள் மாட்டுவாள், இரண்டு வருஷம் எழுத முடியாது. என் வீட்டுக்காரர் பெயர் வெளியே வராது. எல்லாம் சுமுகம். எனக்கு இது இவ்வளவு சுலபமாகத் தோன்றுகிறதே, அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 3, திங்கள்

வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. “சாப்பாடு வெச்சாச்சு”, “தண்ணி வருது”, “கேஸ் தீரப்போகுது.” மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். பல் தேய்க்கும்போது தோன்றியது: நான் ஏன் இன்னும் அவருக்கு விசாரணையைப் பற்றிச் சொல்லவில்லை? சொன்னால் அவர் என்ன செய்வார் என்று தெரிந்துவிடும். ஒன்றும் செய்யமாட்டார் என்று தெரிந்துவிட்டால்?

மார்ச் 5, புதன்

நடு இரவு ஆகிவிட்டது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணிக்கு அவள் திரையில் வந்தாள். வேலைக்கு நடுவில் எங்கோ துணி அடுக்கும் அறையில் நின்றுகொண்டு பேசினாள், பின்னால் மடித்த வெள்ளை விரிப்புகள். அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். பிடித்தாள். முகம் ஒத்துப்போகிறது என்று எழுதிக்கொண்டேன்.

விசாரணைப் படிவத்தில் உள்ள கேள்விகளை ஒவ்வொன்றாக நான் படிக்க வேண்டும். காதில் இருந்தது என்ன? ஒத்துக்கொண்டாள். பேசியது யார்? தெரிந்தவர் என்றாள். பெயர் சொன்னால் தண்டனை குறையும் என்று தலைவி எடுத்துச் சொன்னார். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

“அவர் பேர மட்டும் கேக்காதீங்க மேடம். மூணு தடவ தோத்தேன். உனக்கு இது வராதுன்னு எல்லாரும் சொன்னாங்க, அவர் மட்டும்தான் சொல்லல. தப்பு என்னோடது.”

தலைவி அடுத்த கேள்விக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒன்பதாவது கேள்வி. எத்தனையோ விசாரணையில் இதைப் படித்திருக்கிறேன், ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

“உதவி செய்தவருக்கும் இந்தக் கல்லூரி ஊழியர் யாருக்கும் தொடர்பு உண்டா?”

“இல்ல மேடம். அவருக்கு அங்க யாரையும் தெரியாது.”

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது. அவள் பதிலை நான் அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். ‘இல்லை’ – மூன்றெழுத்து. எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. பேனா தாளில் ஊன்றி மையே பரவிவிட்டது.

“இருக்கு” என்றேன்.

தலைவி திரும்பினார். “அது என் வீட்டுக்காரர் குரல். பதிமூணாம் தேதியே எனக்குத் தெரியும்.”

திரையில் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், தலைவியைப் பார்க்கவில்லை. இணைப்பைத் துண்டித்தார்கள். பிறகு இரண்டு மணி நேரம் நான் எழுதிக்கொடுத்தேன், அவர்கள் படித்தார்கள், மறுபடியும் எழுதச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். எல்லாவற்றையும். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

“அவ என் பேர சொல்லலையா?” என்று மட்டும் கேட்டார்.

“சொல்லல.”

மார்ச் 6, வியாழன்

காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பி நின்றார். எங்கே என்றேன். உன் ஆபீசுக்குத்தான் என்றார். இரண்டு பேரும் பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். தலைவி அறையில் அரை மணி நேரம் இருந்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்தபோது பூதக்கண்ணாடி எழுந்து நின்று அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். அந்த மனுஷனை இனிமேல் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

மார்ச் 21, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. அவளுக்குத் தாள் ரத்து. இரண்டு வருஷத் தடை இல்லை, ஒரு பருவம் விட்டு, கல்லூரிக்கே நேரில் வந்து எழுத வேண்டும். அவர் இனி எங்கள் மாணவர் யாருக்கும் பாடம் சொல்லக் கூடாது. டியூஷன் நிறுவனமும் அவரை விலக்கிவிட்டது. எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. சரிபார்ப்பிலிருந்து சான்றிதழ் அனுப்பும் பிரிவுக்கு மாற்றம்.

எச்சரிக்கை சரிதான். மூன்று வாரம் மூடி வைத்திருந்தேனே.

ஏப்ரல் 9, புதன்

புது இடம் கீழ்த்தளம். உறை, ஒட்டு, முகவரி, முத்திரை. முகங்களே இல்லை, வெறும் பெயர்கள். வரிசையில் நிற்கும்போதும் பேருந்திலும் இன்னும் காது மடல்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கை பரபரக்கிறது. சரியாகத்தானே செய்தேன்? செய்தேன். அப்படியானால் ஏன் இப்படி?

ஜூன் 17, செவ்வாய்

பேருந்துப் பணிமனையில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே என்று அட்டவணை போடுவது. கணக்குதான் என்றார், கணக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையில்லை என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று நேரில் எழுதுகிறவர்களுக்குத் தேர்வு. ஒரு மணிக்கு என் ஜன்னலில் யாரோ வந்து நின்றார்கள். முடியை இறுக்கிப் பின்னியிருந்தாள், இரண்டு காதும் பளிச்சென்று தெரிந்தன. அவளுக்கு என்னிடம் ஒரு வேலையும் இல்லை, விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் கொஞ்ச நேரம் கேள்வித்தாளை மடித்து மடித்துப் பிரித்தாள்.

“ஏழாவது கேள்வி வந்ததும் உடம்பெல்லாம் ஆடிப்போச்சு அக்கா. அப்படியே பேனாவ வெச்சிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் எடுத்து நானே போட்டேன். நாப்பத்தாறு வந்துச்சு. சார்கிட்ட சொல்லிடுங்க.”

கேள்வித்தாளை என்னிடமே கொடுத்துவிட்டு, சாயங்கால வேலை இருக்கிறது என்று ஓடிவிட்டாள்.

ஏழு மணிக்கு அவர் பணிமனையிலிருந்து வந்தார். தாளை மேஜையில் வைத்து, அவள் சொன்னதைச் சொன்னேன். கை கழுவிவிட்டு வந்து ஏழாவது கேள்வியைப் படித்தார். எட்டு எண்களின் சராசரி இருபத்தொன்பது. ஒன்றை நீக்கினால் மீதி ஏழின் சராசரி இருபத்தெட்டு. நீக்கிய எண் எது? பழைய அட்டவணைத் தாளின் பின்பக்கத்தில் போட்டார். முப்பத்தாறு வந்தது.

அவள் சொன்னது நாற்பத்தாறு. அவர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இருநூற்று முப்பத்திரண்டை எழுதி, கீழே நூற்றுத் தொண்ணூற்றாறை எழுதி, கழித்தார். ஒரு தடவை. இன்னொரு தடவை வேறு மாதிரி. அந்த முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

“வழியெல்லாம் சரி. கடைசில கடன் வாங்கினத மறந்துட்டா. அதான் பத்து கூட. முக்கால்வாசி மார்க் போடுவாங்க.”

நான் தட்டு எடுத்து வைத்தேன். அவர் தாளைத் திருப்பி மற்றக் கேள்விகளைப் படிக்க ஆரம்பித்தார்.

“மத்ததுக்கெல்லாம் என்ன போட்டாளாம்?”

கேட்கவில்லை என்றேன்.

கேட்டுக்கொண்டு வந்திருக்கலாமே என்றார். மார்ச்சுக்குப் பிறகு என் அலுவலகத்தில் நடந்த ஒன்றைப் பற்றி அவர் கேட்டது இதுதான் முதல் தடவை.