நாலரைக்கு மேல்

செவ்வாய், 4

மதியத்திலிருந்து மழை. பாச்சாங் சாலை முழுக்கத் தண்ணீர். டயர் கடைக்கு யாரும் வரவில்லை. குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

3.10க்கு வேன் ராஜன் அண்ணன். பாயா ரும்புட்டிலிருந்து. ஆயர் குரோ தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்குபவர். பின் டயர் இரண்டும் வழவழ. முன்னதும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. போன வார விற்பனைப் பயிற்சியில் சொன்னபடியே நடந்தேன்: காது கொடு, அவசரப்படுத்தாதே, வாங்குபவர் மனமறிந்து பேசு. புது டயரை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார்.

“நாலும் மாட்ட எவ்ளோ நேரமாவும்மா?” சாவியை மேசைமேல் வைத்தார்.

நாட்காட்டியைப் பார்த்தேன். ராகு காலம். “நாலரைக்கு மேல மாட்டலாம்ணே, புதுசாச்சே.”

நாலேகாலுக்கு அவர் ஷிப்டு ஆட்களை ஏற்ற வேண்டும். “அப்ப நாளைக்குக் காலைல வர்றேன்லா.” சாவியை எடுத்துக்கொண்டார்.

நாலு டயரிலும் சாக்பீஸால் அவர் வேன் நம்பர். ஓரமாக வைத்தாயிற்று. இன்று வேலையில் திருப்தி.

புதன், 5

9 – வரவில்லை. 10 – வரவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை.

பஞ்சர் ஒட்ட வந்த லாரிக்காரர்: “நேத்து சாயங்காலம் ஹைவே பக்கம் ஒரு நீல வேன். மழையில வழுக்கி டிவைடர்ல மோதிடுச்சு. ஆளுங்கள எறக்கிட்டுத் தனியா வந்திருக்காரு. பாயா ரும்புட் ராஜன்லா. போயிட்டாரு.”

அந்த பஞ்சரை யார் ஒட்டினார்கள், நினைவில்லை.

சனி, 8

வாங்கத் தயாராக இருந்தார் என்பதற்கு அடையாளம்:
– இரண்டு தடவை அமுக்கியது
– விலை கேட்காமல் நேரம் கேட்டது
– சாவி

இதற்கு மேல் ஒரு மனிதர் என்ன செய்ய வேண்டும்? நாற்பது நிமிட வேலை. நாலுக்குள் முடிந்திருக்கும். நல்ல நேரம் பார்க்கச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. அது என் பயம். அதை அவர் மனம் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்று காற்றடிக்க வந்தவருக்கு இரண்டு டயர் விற்றேன். பழையது இன்னும் ஒரு வருடம் ஓடும். “காத்து மட்டும் போதும்க்கா” என்று மூன்று தடவை சொன்னார். விடவில்லை. இதுவும் தப்புதான்.

முதலாளி: “அந்த நாலையும் தொடச்சு ரேக்ல ஏத்திரும்மா.” தலையாட்டினேன். செய்யவில்லை. மேசையில் சாவிச் சத்தம் கேட்டால், அவர் இல்லை என்று தெரிந்தும் நிமிர்ந்து பார்க்கிறேன்.

வெள்ளி, 21

நல்ல வெயில். 11 மணிக்கு வாசலில் அதே நீல வேன். முன்பக்கம் தட்டிச் சரிசெய்தது, பெயிண்ட் இன்னும் இல்லை.

இறங்கியது அவர் மனைவி. பதினாறாம் நாள் காரியம் புதன்கிழமை முடிந்ததாம். திங்களிலிருந்து கொழுந்தனார் ஓட்டப் போகிறாராம்.

“டயர் எடுத்து வச்சிருக்கீங்களாமே. அன்னைக்கு போன்ல சொன்னாரு. மத்த கடைன்னா தலையில கட்டியிருப்பான், அந்தத் தங்கச்சி நமக்காக நல்ல நேரம் பாக்குதுன்னு.”

சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். சாக்பீஸ் நம்பர் போட்ட நாலையும் வாசலுக்கு உருட்டினேன்.

அக்கா சுவர் நாட்காட்டியைப் பார்த்தார். “ராகு காலமாச்சேம்மா. பன்னண்டுக்கு மேல வரட்டுமா?”

“வேணாம்க்கா. சாவியக் குடுங்க.”

கொடுத்தார். மாட்டி முடிக்கும்வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பத்தெட்டு நிமிடம்.