செய்திக்கு முன்னே வந்த ஆடு

நாரின்,
ஆகஸ்ட் முதல் வாரம்.

அன்புள்ள என் தலாய்பெக்குக்கு,

உங்கள் ஜிபாரா எழுதுவது. இங்கே நானும் அத்தையும் நலம். மேய்ச்சல் மலையில் நீங்களும் பெரியப்பாவும் மந்தையோடு நலமாக இருக்க வேண்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முகத்தை மாற்றிக்கொள்ளாமல் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, குதிரைகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு, கூடாரத்தைவிட்டுத் தள்ளிப் போய்ப் படியுங்கள்.

இதைக் கொண்டு வரும் மாவு லாரி ஓட்டும் போலோத்துக்கு ஒன்றும் தெரியாது. கடிதத்தை வாங்கும்போதே, "என்ன அண்ணி, நல்ல சேதியா? நான் போய் 'சுயுன்ச்சு, நல்ல சேதி'ன்னு கத்துறேனே, எனக்கும் ஒரு ஆடு தேறும்" என்று பல்லைக் காட்டினான். உருளைக்கிழங்கு விலை எழுதியிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவன் என்ன கண்ணடித்தாலும் ஒன்றும் கொடுத்துவிடாதீர்கள்.

உருளைக்கிழங்கு இந்த வருடம் சுமார்தான். அடுப்புப் பக்கம் கூரை ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறோம். அத்தைக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனால் வாய்க்கு எந்த வலியும் இல்லை. அந்த வாயைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன இலையுதிர்காலத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் குதிரை விற்கப் போயிருந்தீர்கள், பாதிதான் தெரியும். என் உடம்பு எந்தக் காலண்டரையும் மதித்ததில்லை. ஒரு மாதம் முன்னால் வரும், பிறகு இரண்டு மூன்று மாதம் எட்டிக்கூடப் பார்க்காது. தள்ளிப் போகும் ஒவ்வொரு தடவையும் அத்தையின் கண் என் தட்டிலேயே இருக்கும். அந்தத் தடவை உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டைகளை நான் ஒரு கிண்ணம் நிறையத் தின்றேன். பிடிக்கும், தின்றேன். அன்றைக்கே ஆட்டுக் கொழுப்பைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வயிறு சரியில்லை, அவ்வளவுதான். அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது. முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு தெரு முழுக்கக் கேட்கும்படி, "சுயுன்ச்சு! சுயுன்ச்சு! என் மருமவளுக்கு மசக்கை!" என்று கத்திக்கொண்டே பெரியப்பா வாசலில் போய் நின்றார். நல்ல செய்தி கொண்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு நல்ல பெண் ஆடாகப் பார்த்துப் பிடித்துக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரம் முடிவதற்குள் எனக்கு வந்துவிட்டது. துணியைத் துவைக்கக்கூடப் பயமாக இருந்தது தெரியுமா? கொடியில் காயப்போட்டால் ஊருக்கே தெரியும். அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆட்டைக் கயிற்றில் கட்டி, தலையைக் குனிந்துகொண்டு, திருப்பிக் கொடுக்கப் போனார். நானும் பின்னாலேயே போனேன். பெரியப்பா கயிற்றைத் தொடவே இல்லை. "சுயுன்ச்சுக்குக் குடுத்தத எவனாவது திருப்பி வாங்குவானா? சேதி பொய்யில்லம்மா, வழியில இருக்கு. வந்து சேரும். ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றார். வழி முழுவதும் அழுதுகொண்டே வந்தேன். தெருப் பிள்ளைகள் அந்த ஆட்டுக்குச் சுயுன்ச்சு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வசந்தத்தில் அது இரட்டைக் குட்டி போட்டபோது, ஆடு முந்திக்கொண்டதே என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

பிறகு அத்தை என்னைப் புனித ஊற்றுக்குக் கூட்டிப்போனார். அங்கே மரத்தில் துணி கட்டினோம், வேண்டிக்கொண்டோம், அந்த ஐஸ் தண்ணீரில் முகம் கழுவினோம். எனக்குக் கிடைத்தது ஜலதோஷம்தான். வரும் வழியில் அத்தையே, "சரி, ஊத்த நம்புனோம், டாக்டரையும் ஒருக்கா நம்பிப் பாப்போம்" என்றார். அப்படித்தான் ரக்கியா டாக்டரிடம் போனோம். ஸ்கேனில் நீர்க்கட்டி என்று காட்டினார். நான் அழ ஆரம்பித்ததும் அதட்டினார்: "நாள் தள்ளிப் போச்சுன்னா உடனே புள்ளன்னு குதிக்காத. தள்ளிப் போகுதேன்னு மலடின்னு அழவும் செய்யாத. உனக்கு முட்ட வருதும்மா, சொல்லிட்டு வர்றதில்ல, அவ்வளவுதான். மாத்திர தர்றேன். மொதல்ல உன் புருஷனயும் கூட்டிட்டு வா."

உங்களையும் பரிசோதிக்க வேண்டும் என்றபோது நீங்கள் வெளுத்துப்போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஓநாயைத் துரத்துகிற மனுஷன், கையில் ஒரு சின்னக் குப்பியை வைத்துக்கொண்டு நின்ற நிற்பு இருக்கிறதே! ஆனாலும் போனீர்கள். எத்தனை ஆண்கள் போவார்கள்? அதற்காக உங்கள் மேல் எனக்கு எவ்வளவு அன்பு என்று நேரில் சொல்ல வாய் வராது, எழுதிவிடுகிறேன்.

ஜூனில் மாவு வாங்கக் குதிரையில் இறங்கி வந்தவர், மாவு லாரி கிளம்பின பிறகும் குதிரைக்கு லாடம் சரியில்லை என்று சொல்லித் தங்கினீர்களே, நினைவிருக்கிறதா? குதிரை நன்றாகத்தான் நடந்தது.

அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை. வழக்கம்போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ளவே பழகிவிட்டேன். வேடிக்கை என்னவென்றால், இந்தத் தடவை அத்தை என் தட்டைப் பார்க்கவே இல்லை. வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்துச் சாப்பிட்டார். தேநீர் வாடை பிடிக்காமல் நான் வெளியே ஓடியபோதுகூட, மாட்டைத் திட்டுவது போல ஏதோ திட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாத்திரை தொடங்குவதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் போனோம். பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் கழித்து வந்து ஸ்கேன் எடுத்துக்கொள் என்றார். அந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். நேற்றுப் போனோம். திரையில் ஒரு சின்னப் பொட்டு துடித்தது. டாக்டர், "பாத்துக்கோ, இது வயித்துக் கோளாறு இல்ல" என்றார். தலாய், நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன். நெஞ்சில் இத்தனை வருடம் கிடந்த கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்தது போல இருந்தது. இறக்கிவைத்த பிறகுதான் அது எவ்வளவு கனம் என்றே தெரிந்தது.

அத்தை வெளி பெஞ்சில் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சத்தியமா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். திரும்பி வந்த வேனில் பக்கத்து வீட்டுக்காரி, எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டாள். அத்தை, "பல்லு வலி" என்றார். எந்தப் பல் என்று அவள் விடவில்லை. அத்தை தங்கப் பல்லைத் தொட்டுக் காட்டினார்! வீடு வந்து கதவைச் சாத்திய பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது.

பெரியப்பாவுக்கு நீங்களே சொல்லி அனுப்புங்கள் என்று அத்தையிடம் சொன்னேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். "நான் கத்துனது ஒருக்கா போதும்டி. இந்தத் தடவ என் வாய் படவே வேணாம். நீயே எழுது" என்றார். அவ்வளவு பெரிய வாயை எனக்காக மூடி வைத்திருக்கிறார். அவரைப் பற்றி உங்களிடம் சொன்ன குறைகளில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மீதி அப்படியே இருக்கட்டும்.

இன்னும் கொஞ்ச நாள் கவனமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். தண்ணீர்க் குடம் தூக்குவதில்லை. பயம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் போன வருடத்துப் பயம் வேறு, இது வேறு.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். சந்தைக்கு ஆடு பிரிக்கும்போது விற்கிற ஆடு என்று சுயுன்ச்சுவின் முதுகிலும் சாயம் பூசிவிடாதீர்கள். அதை வீட்டுக்கு ஓட்டி வாருங்கள். கணவாயில் பனி விழுவதற்கு முன் நீங்களும் இறங்கி வந்துவிடுங்கள். இரண்டாவது, பெரியப்பா தேநீர் குடித்து முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, வழியில் இருந்த சேதி வந்து சேர்ந்துவிட்டது என்று மெதுவாகச் சொல்லுங்கள். புது ஆடு பிடிக்க எழுந்தாரானால் கையைப் பிடித்து உட்கார வையுங்கள். அவர்தான் முன்பே கொடுத்துவிட்டாரே.

மலைக்காற்று உங்களைத் தொடாமல் போகட்டும். இறைவன் உங்களைப் பத்திரமாக எங்களிடம் இறக்கிவிடட்டும்.

என்றும் உங்கள்,
ஜிபாரா

பி.கு: ஒட்டப்போன நேரத்தில் அத்தை பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். கீழே உள்ளது அவர் கையெழுத்து.

மவனே, நான் யாருகிட்டயும் கத்தல. மெதுவாத்தான் எழுதறேன். சுயுன்ச்சு.